தோட்டப்புறத்தில் காட்டுப் பொலேட் காளானை இனங்காணுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் புற்றுக் காளானும், எண்ணெய்ப்பனையான செம்பனையின் காலிக் குலைகளைக் குவித்த இடத்தில் முளைக்கும் காளானும், பட்டுப்போன ரப்பர் மரத்தில் கொத்துக் கொத்தாக வரும் குக்கூர் காளானும் புதியவை அல்ல. குடையின் அடியில் மடிப்புகளுக்குப் பதிலாகப் பஞ்சு போன்ற துளைப்பரப்பைக் கொண்ட பொலேட் காளான்களைக் கற்க விரும்பும்போதுதான் வழி தெரியாமல் நிற்க நேர்கிறது. எளிதாகக் கிடைக்கும் கையேடுகள் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டவை. அனுமதி பற்றிய செய்தியை ஒவ்வோர் அலுவலகத்திலும் தனித்தனியாகக் கேட்டறிய வேண்டியிருக்கிறது. உள்ளூர் அறிவோ யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. பல இடங்களில் அலைந்து நான் சேர்த்ததை, அடுத்து வருபவர்கள் அப்படி அலையத் தேவையில்லாதபடி இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இந்தப் படிகளை ஒழுங்காகப் பின்பற்றினால் கையில் உள்ள பொலேட் எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்பதை ஓரளவு உறுதியுடன் சொல்லலாம். அதைச் சமைக்கலாமா என்பது வேறு கேள்வி. அது 8ஆம் படியில் வருகிறது, அதற்கு முன் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம்.

1. காளானைத் தேடுமுன் மரத்தைப் பாருங்கள்

பொலேட்டுகளில் பெரும்பாலானவை மரவேர்களின் நுனியை உறைபோல் மூடிக்கொண்டு, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெற்று, மண்ணிலிருந்து நீரையும் கனிமச் சத்துகளையும் மரத்துக்குக் கொடுத்து வாழ்பவை. இந்தக் கூட்டுறவை எல்லா மரங்களும் ஏற்பதில்லை. செம்பனையும் ரப்பரும் வேறு வகைப் பூஞ்சைகளோடு கூட்டுச் சேர்கின்றன. அந்தப் பூஞ்சைகள் வேருக்குள்ளேயே தங்கிவிடுவன, குடை விரிக்கும் காளானாக வெளியே வருவதில்லை. ஆகவே செம்பனை நிரைகளுக்கு நடுவே எவ்வளவு கவனமாகத் தேடினாலும் பொலேட்டுகள் கிடைப்பது அரிது.

தேட வேண்டியது தோட்டத்தின் ஓரங்களில். மெராந்தி, குருயிங், கப்பூர், செங்கால் முதலிய மரங்கள் நிற்கும் மிச்சக் காடுகள், செங்குத்தாக இருப்பதால் நடவு செய்யாமல் விடப்பட்ட மேட்டுச் சரிவுகள், நீர்ப்பிடிப்புப் பகுதிகள் ஆகியவற்றைப் பாருங்கள். மலைப்பகுதியில் மெம்பெனிங் எனப்படும் ஓக் இன மரங்களின் அடியும், எங்காவது பைன் நட்டிருந்தால் அதன் அடியும் நல்ல இடங்கள். கிழக்குக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் கெலாம் மரம் முக்கியமானது. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் மக்கள் விரும்பி உண்ணும் கெலாம் காளான் ஒரு பொலேட்தான். இந்தப் பொது விதிக்கு விலக்கும் உண்டு. பிளெபோபஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த, தடித்த தண்டுடைய பெரிய பழுப்புப் பொலேட்டுகள் வேர்க்கூட்டுறவைக் கட்டாயமாக நம்பியிருப்பவை அல்ல என்பதால் பழத்தோட்டங்களிலும் தலைகாட்டும்.

குறிப்பேட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது மரத்தின் பெயர். பெயர் தெரியாவிட்டால் இலையையும் பட்டையையும் படமெடுத்து, கீழே விழுந்த காய் ஒன்றை எடுத்து வாருங்கள். மெராந்தி குடும்பத்துக் காய்களில் இறக்கைகள் இருக்கும், மெம்பெனிங் காய் கிண்ணத்தில் அமர்ந்த கொட்டையாக இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவது சிறுவர்களுக்கும் கைவரும்.

2. காலம்

மேற்குக் கரை மாநிலங்களில் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் மழை மிகுந்தவை. சில வாரம் வெயில் காய்ந்து, பிறகு இரண்டு மூன்று நாள் கனமழை பெய்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். கெலாம் காளானும் நீண்ட வெயிலுக்குப் பின் வரும் மழைக்கே முளைக்கும். காலையிலேயே செல்வது நல்லது. பொலேட்டின் சதை மென்மையானது. நம் வெப்பத்தில் பிற்பகலுக்குள் புழு வைத்து, மறுநாள் கூழாகிவிடும்.

3. அனுமதியும் ஆவணங்களும்

பெரும்பாலோர் தவிர்க்க நினைக்கும் படி இது. நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும்.

தோட்ட நிலம் என்றால் நிர்வாகியின் அனுமதி வேண்டும். வாய்மொழியாகக் கிடைத்தாலும், தேதியும் பகுதியும் குறித்த ஒரு சிறு கடிதத்தைத் தோட்ட அலுவலகத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குலை திருட்டு நடக்கும் தோட்டங்களில் கூடையும் கத்தியுமாக நிற்பவரைக் காவலாளி சந்தேகப்படுவது நியாயமே, அப்போது அந்தக் கடிதம்தான் பேசும். அதே இடத்தில், நீங்கள் போகவிருக்கும் பகுதியில் கடைசியாக எப்போது களைக்கொல்லி தெளித்தார்கள் என்றும் கேளுங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருந்தாலும் மற்ற களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன.

நிரந்தர வனக்காப்பகம் என்றால் 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் பொருந்தும். இங்கே பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று இருக்கிறது: காட்டுக்குள் நுழைவதற்கான அனுமதியும், காட்டு விளைபொருளை எடுத்துச் செல்வதற்கான அனுமதியும் தனித்தனியானவை. மலையேற்றத்துக்கு வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு கூடையை நிரப்பிவிட முடியாது. மாவட்ட வன அலுவலகத்துக்குச் செல்லும்போது உங்கள் நோக்கம் பார்ப்பதும் படமெடுப்பதுமா, மாதிரி சேகரிப்பதா, உண்பதற்குப் பறிப்பதா என்பதைத் தெளிவாகச் சொல்லி, அதற்கு எந்த அனுமதி தேவை என்று கேளுங்கள். மலாய் மொழியில் எழுதிய விண்ணப்பக் கடிதம், உடன் வரும் அனைவருடைய அடையாள அட்டை நகல்கள், செல்லும் நாள், பாதை, வாகன எண், அவசரத் தொடர்புக்கு ஒருவரின் பெயர் ஆகியவற்றைத் தயாராக வைத்திருந்தால் ஒரே தடவையில் வேலை முடிய வாய்ப்புண்டு. கட்டணமும் வழிகாட்டியை உடன் அழைத்துச் செல்ல வேண்டுமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், பேராக்கில் உள்ள நண்பர் சொன்ன தொகையை நம்பிப் பகாங்குக்குப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

அலுவலக நேரமும் ஒரு பொறி. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக நீண்ட இடைவேளை உண்டு. பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் பிற்பகல் வரை காத்திருக்க நேரிடும். கெலாம் காளானுக்காகக் கிளந்தான் அல்லது திரெங்கானு செல்பவர்கள், அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பழங்குடியினரான ஓராங் அஸ்லி மக்களின் கிராமங்களை ஒட்டிய காடு என்றால் முதலில் கிராமத் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்துப் பேசுங்கள். அது மரியாதைக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. யானை எந்தப் பக்கம் நடமாடுகிறது, எந்த ஓடை மழையில் பெருகும் என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்ல முடியும்.

கடைசியாக, அனுமதி கிடைத்தாலும் தவிர்க்க வேண்டிய நிலம் ஒன்று. கிந்தாப் பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வெள்ளீயம் தோண்டி எடுத்த பழைய ஈயக்குட்டைகள் நிறைய உள்ளன. பொலேட்டுகள் பாதரசம், காட்மியம் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து இழுத்துத் தம் சதையில் சேர்த்துக்கொள்பவை. ஈயக்குட்டை ஓரத்திலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ முளைத்ததைப் படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கருவிகள்

பிளாஸ்டிக் பை கூடாது; அதற்குள் காளான் வியர்த்து அழுகும். மூங்கில் கூடை, பழைய நாளிதழ் அல்லது காகிதப் பைகள், சிறு கத்தி, அளவுகோல், பென்சில், 10 மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, அட்டைக் கடிக்கு நீண்ட காலுறை ஆகியவை போதும். வீட்டில் இருப்பவற்றைப் பயன்படுத்தினால் மொத்தச் செலவு 100 ரிங்கிட்டைத் தாண்டாது. பாராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தி பாதையைச் செப்பனிட உதவும், காளான் எடுக்க உதவாது. செம்பனை அடியில் எலிகளைத் தேடி நாகம் வரும் என்பதால் ஓலைக்குவியலில் கையை விடாதீர்கள், முதலில் தடியால் கிளறுங்கள்.

5. அது பொலேட்தானா?

மூன்று கேள்விகள். குடையின் அடியில் மடிப்புகளா, துளைகளா? சதை மென்மையானதா, கட்டையானதா? அந்தத் துளை அடுக்கு குடைச் சதையிலிருந்து விரலால் பிரிந்து வருகிறதா?

செம்பனையின் அடித்தண்டில் வரும் கனோடெர்மாவைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அனைவரும் அறிவார்கள். அதன் அடியிலும் துளைகள் உள்ளன, ஆனால் அது மரக்கட்டை போல் உறுதியானது, துளை அடுக்கு பிரிந்து வராது. மரத்தில் தட்டுத் தட்டாக வரும் பெரும்பாலான காளான்களும் இவ்வகையே. பொலேட்டுக்குப் பெரும்பாலும் நடுவில் தண்டு இருக்கும், சதை வெண்ணெய்ப் பழம்போல் வெட்டுப்படும், துளை அடுக்கு தனியாகக் கழன்றுவரும்.

மடிப்பு இருந்தால் அதைக் கூடையில் சேர்க்காதீர்கள். பள்ளித் திடலிலும் லயத்து வாசல் புல்லிலும் மழைக்குப் பின் வட்டமாக முளைக்கும், பெரிய வெள்ளைக் குடையில் பழுப்புச் செதில் கொண்ட குளோரோபில்லம் மொலிப்டைட்டஸ் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். உயிரைப் பறிக்கக்கூடிய அமானிட்டா இனங்களும் மடிப்புள்ளவையே, அவையும் மெராந்தி, மெம்பெனிங் அடியில்தான் வளர்கின்றன. ஒரே கூடையில் இரண்டையும் போட்டால், நொறுங்கிய துண்டு எதனுடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வகைக்கும் தனிக் காகிதப் பை என்பது மாற்றமில்லாத விதி.

6. பறித்த இடத்திலேயே குறிக்க வேண்டியவை

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் பாதி அடையாளங்கள் வழியிலேயே அழிந்துபோகும். தண்டை அறுக்காமல், கத்தியை மண்ணில் இறக்கி அடிப்பகுதியோடு நெம்பி எடுங்கள். தண்டின் அடி வீங்கியிருக்கிறதா, வேர்போல் நீண்டிருக்கிறதா, அதில் என்ன நிறப் பூஞ்சை இழை ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் முக்கியம். குடையின் மேற்புறம், துளைப்பரப்பு, முழுத் தண்டு, நெடுக்காக வெட்டிய உட்பகுதி என நான்கு படங்கள் எடுங்கள். அருகில் அளவுகோலை வையுங்கள்.

பின்வருவனவற்றை எழுத்தில் குறியுங்கள், ஏனென்றால் கைப்பேசிக் கேமரா காட்டு நிழலில் நிறத்தை மாற்றிக் காட்டும். துளைகளின் நிறம் என்ன, வாய் வட்டமா கோணமா, ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை? தண்டில் வலைப்பின்னல் உள்ளதா, புள்ளிகளா, செதிலா, அல்லது வழுவழுப்பா? குடை ஓரத்தில் கிழிந்த திரை தொங்குகிறதா?

அடுத்தது நிறமாற்றம். துளைப்பரப்பை நகத்தால் அழுத்தி, சதையை வெட்டி, கடிகாரத்தைப் பாருங்கள். சில வினாடிகளில் நீலமாகிறதா, சில நிமிடங்கள் கழித்தா, சிவந்து பிறகு கறுக்கிறதா, மாற்றமே இல்லையா? நீலம் தோன்றுவதற்குக் காரணம் சதையில் உள்ள வேரியகேட்டிக் அமிலம் முதலிய சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதுதான். அது நஞ்சின் நிறமன்று. நஞ்சில்லை என்பதற்கான சான்றும் அன்று. வெட்டியவுடன் ஒரு படமும் ஐந்து நிமிடம் கழித்து ஒரு படமும் இருந்தால், பிற்பாடு பார்க்கும் வல்லுநருக்கு அது பெரிய உதவி.

இளையது, முதிர்ந்தது என இரண்டு பருவங்களிலும் ஒவ்வொன்று எடுத்தால் போதும். மற்றதை விட்டுவிடுங்கள்.

7. வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் வேலை வித்துத்தூள் (ஸ்போர்) பதிவு. குடையைத் தண்டிலிருந்து பிரித்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்பும் ஆன காகிதத்தின் மேல் துளைப்பரப்பு கீழே இருக்கும்படி வைத்து, கிண்ணத்தால் மூடி, இரவு முழுவதும் விடுங்கள். காலையில் படிந்திருக்கும் தூளின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மின்விசிறி காற்று படக் கூடாது. எறும்பு வராதபடி தட்டைத் தண்ணீரில் வைக்கும் பழைய முறை இங்கேயும் பயன்படும்.

அந்த நிறமும் காட்டில் குறித்த அடையாளங்களும் சேர்ந்தால் பேரினம் துலங்கத் தொடங்கும். தூள் இளஞ்சிவப்பாக இருந்தால் டைலோபிலஸ் பக்கம் பாருங்கள் (இவற்றின் சதை பெரும்பாலும் கசக்கும், ஆனால் சுவைத்துப் பார்க்க வேண்டாம்). கெலாம் காளானும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, சாம்பல் கலந்த ஊதாக் குடை கொண்டது. தண்டில் ஆழமான மேடுபள்ள வலை இருந்து துளைகள் ஊதா கலந்த இளஞ்சிவப்பானால் ஆஸ்ட்ரோபொலேட்டஸ். குடை முழுவதும் கருஞ்செதில் நிறைந்து, வெட்டிய சதை சிவந்து பின் கறுத்து, தூளும் கருமையாக இருந்தால் ஸ்ட்ரோபிலோமைசஸ்; இதுதான் புதியவர்கள் பிழையின்றி அறியக்கூடியது. உடல் முழுவதும் மஞ்சள் பொடி தூவியது போலிருந்தால் பல்வெரோபொலேட்டஸ். தண்டு உள்ளே அறைஅறையாகக் குழிந்து எளிதில் முறிந்து, தூள் வெளிர் மஞ்சளானால் கைரோபோரஸ். கிழிந்த ரோசாச் சிவப்புச் செதில் குடையும், ஓரத்தில் தொங்கும் திரையும், தொட்டவுடன் நீலமாகும் மஞ்சள் துளையும் கொண்டு மரத்தடியிலோ மட்கிய கட்டையிலோ நின்றால் பொலேட்டெல்லஸ் எமொடென்சிஸ் ஆக இருக்கலாம். தூள் ஆலிவ் பழுப்பு என்றால் வழிகள் பல. அந்த இடத்தில் 'பொலேட், மேலும் அறியப்படவில்லை' என்று எழுதி நிறுத்துவதே நேர்மையான பதிவு.

கைப்பேசிச் செயலிகள் ஐரோப்பியப் பெயர்களை அள்ளி வீசும். போர்சினி (ஐரோப்பாவில் ஓக், பைன் போன்ற மரங்களோடு வளரும் உண்ணும் பொலேட்) என்று செயலி சொன்னால், அது எந்த மரத்தடியில் கிடைத்தது என்று உங்கள் குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

இரண்டாவது வேலை உலர்த்தல். அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, உணவு உலர்த்தும் கருவியில் 40 முதல் 50 பாகை வெப்பத்தில், ஒடித்தால் முறியும் வரை உலர்த்துங்கள். மழைக்காலத்தில் வெயிலை நம்பினால் பூசணமே மிஞ்சும். உலர்ந்ததை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி, தேதி, இடம், மரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தையோ, பூஞ்சையியல் துறையுள்ள ஒரு பல்கலைக்கழகத்தையோ அணுகுவதானால், முதலில் படங்களையும் குறிப்புகளையும் மின்னஞ்சலில் அனுப்பி, மாதிரியை ஏற்பார்களா, கட்டணம் உண்டா என்று கேட்டபின் அனுப்புங்கள். சீட்டு இல்லாத மாதிரியை எந்த வல்லுநராலும் பயன்படுத்த முடியாது.

8. உண்ணலாமா?

நம் வீடுகளில் சொல்லப்படும் சோதனைகளை முதலில் ஒதுக்குங்கள். பூண்டும் அரிசியும் போட்டு வேகவைத்து நிறம் பார்ப்பது, வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பது, புழு அரித்திருந்தால் நல்லது என்பது, அணில் தின்றதை நாமும் தின்னலாம் என்பது: இவற்றில் ஒன்றும் நஞ்சைக் காட்டாது. பெரியவர்கள் இவற்றால் இதுவரை பிழைத்தார்கள் என்றால், அவர்கள் பறித்தது அறிமுகமான புற்றுக் காளானாக இருந்ததுதான் காரணம்.

மேலைக் கையேடுகள் தரும் 'சிவப்புத் துளை கூடாது, நீலமாகக் கூடாது, கசக்கக் கூடாது' என்னும் மூன்று வரி விதியும் இங்கே உதவாது. கசப்பான கெலாம் காளானை நன்கு வேகவைத்து உண்கிறார்கள். சீனாவின் யுன்னானில் தொட்டால் நீலமாகும் லன்மாவோவா ஆசியாட்டிகாவைச் சந்தையில் விற்கிறார்கள். அதையே அரைவேக்காடாகத் தின்றவர்கள் இல்லாத உருவங்களைக் கண்டு மருத்துவமனைக்குப் போகிறார்கள். இங்குள்ள காட்டில் கிடைக்கும் பல இனங்களுக்கு உண்ட வரலாறே இல்லாதபோது, விதிக்குள் அடங்கிவிட்டது என்பதற்காக ஒன்றை வாயில் போடுவதற்கு நியாயம் கிடையாது. கடித்துத் துப்பிச் சுவை பார்க்கும் பழக்கத்தையும் தொடக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

என் நிலைப்பாடு கண்டிப்பானது. அதே இனத்தை, அதே பகுதியில், பல ஆண்டுகளாகப் பறித்துச் சமைத்து உண்ணும் ஒருவர் உங்கள் கையில் உள்ள காளானை நேரில் பார்த்து உறுதி சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பதிவும் அதனோடு பொருந்த வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சமைக்காதீர்கள். இரண்டும் இருந்தாலும் முழுமையாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, முதல் தடவை சிறிதளவே உண்ணுங்கள். சமைக்காத ஒரு முழுக் காளானைக் குளிர்பெட்டியில் எடுத்து வையுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

9. உடம்புக்கு முடியாமல் போனால்

வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை, மயக்கம், கண்ணில் தோற்றங்கள் ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காதீர்கள். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடாது. 999ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கடுமையாகிவிட்டால் ஈப்போவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது அவர்கள் பொறுப்பு. செலவை எண்ணித் தயங்க வேண்டியதில்லை, குடிமக்களுக்கு அரசாங்க வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-88-8099.

மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது நேரம்: எத்தனை மணிக்கு உண்டார்கள், எத்தனை மணிக்கு முதல் அறிகுறி தோன்றியது. உண்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வருவது பெரும்பாலும் குடல் நஞ்சு. ஆறு மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கினால், ஈரலை அழிக்கும் அமானிட்டா வகை நஞ்சு கலந்திருக்கலாம். அந்த நோயாளி மறுநாள் சற்றுத் தேறியது போலத் தெரிந்தாலும் வீட்டுக்கு அழைத்துவரக் கூடாது. அதே உணவை உண்ட மற்றவர்களையும், அறிகுறி இல்லாவிட்டாலும், உடன் கூட்டிச் செல்லுங்கள். குளிர்பெட்டியில் வைத்த காளான், சட்டியில் மிஞ்சிய குழம்பு, குறிப்பேடு, கைப்பேசியில் உள்ள படங்கள் ஆகியவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காளான் காகிதப் பையிலேயே இருக்கட்டும்.